பார்ட் டைம் வேலை: கடலூர், புதுச்சேரி மாணவருக்கு எது கட்டுபடியாகும்?

பகுதிநேர வேலை தேடும் மாணவர் முதலில் கேட்பது "எவ்வளவு தருவாங்க?" என்பதைத்தான். தப்பில்லை, பணத்துக்காகத்தானே போகிறார்கள். கடலூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, துறையின் உதவித்தொகை விண்ணப்பங்களையும் பார்த்துவருகிற எனக்கு அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வருகிறது: அந்த வேலை நவம்பரையும் ஏப்ரலையும் தாங்குமா? அந்த இரண்டு மாதங்களில்தான் செமஸ்டர் தேர்வு. ஜூலையில் நல்ல வேலையாகத் தெரிந்தது நவம்பரில் லீவே தராத வேலையாகிவிட்டால், சம்பாதித்ததில் ஒரு பங்கு அரியர் கட்டணத்துக்குப் போய்விடும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அபராதம்; இன்னும் இறங்கினால் அந்த செமஸ்டரே போய்விடும்.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஒரு மாணவருக்குக் கிடைக்கக்கூடிய வேலைகளை இந்தக் கேள்வியை வைத்தே ஒப்பிடுகிறேன். இடையில் வரும் சம்பளத் தொகைகள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் பக்கத்து ரேட் தெரிந்தால் அதைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். தொகை மாறும், வரிசை அநேகமாக மாறாது.

பணம் எந்த மாதத்தில் தேவை?

அரசுக் கலைக் கல்லூரியில் படிப்பவருக்குக் கல்விக் கட்டணம் பெரிய சுமை இல்லை. கையைக் கடிப்பவை மற்ற செலவுகள். மதியச் சாப்பாடு, போன் ரீசார்ஜ், ஹாஸ்டலில் இருந்தால் மெஸ் பில் என்று சில மாதாமாதம் வரும். தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, பிராஜெக்ட் பிரிண்ட், ஜூன் மாதச் சேர்க்கைச் செலவு இவையெல்லாம் மொத்தமாக வந்து நிற்கும். மாதச் செலவுக்கு மாதச் சம்பளம் வேண்டும். மொத்தச் செலவுக்கு, கோடை விடுமுறையில் சேர்த்து வைத்த பணமே போதும். அதற்காக வருஷம் முழுக்க ஓட வேண்டியதில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் கிடைத்த வேலையில் சேருகிறவர்கள்தான் அதிகம்.

தேவனாம்பட்டினம் போன்ற மீனவ ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே தெரியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடந்து வீட்டில் காசு வற்றியிருக்கிற நேரம் பார்த்துத்தான் கல்லூரி திறக்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரியோ பலாவோ வைத்திருக்கும் வீடுகளில் அதே கோடையில் கொஞ்சம் காசு புரளும்; அவர்களுக்கு நெருக்கடி ஐப்பசி மழையில் வரும். உங்கள் வீட்டில் பணம் வற்றும் மாதம் எது என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்த வேலை என்பது அப்புறம்.

வேலைக்கு முன்னால் விண்ணப்பம்

உதவித்தொகையை வேலையோடு சேர்த்து ஒப்பிடுவது சிலருக்கு விசித்திரமாக இருக்கலாம். எனக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லை. மணிக்கணக்கில் பார்த்தால் மிக அதிகக் கூலி தருகிற 'வேலை' ஒரு விண்ணப்பத்தை ஒழுங்காகப் பூர்த்தி செய்வதுதான்.

தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றில் சேர்ந்துவிட்டார்கள். 1000 ரூபாய்தானே என்று அலட்சியம் வேண்டாம். துணிக்கடையில் மாலை நேரம் நின்று அதே 1000 ரூபாயை ஈட்ட எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கீழே பார்க்கப் போகிறோம்.

பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். இதில் எல்லையோர மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் வீடு, கடலூரில் கல்லூரி என்றால் அந்த உதவித்தொகை புதுச்சேரி அரசிடமிருந்து வர வேண்டும். கல்லூரி எங்கே என்பதைப் பார்க்க மாட்டார்கள், நீங்கள் எந்த மாநிலத்தவர் என்பதைத்தான் பார்ப்பார்கள். புதுமைப்பெண்ணும் தமிழ்ப்புதல்வனும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு. புதுச்சேரியில் அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகத் தொழிற்படிப்புகளில் சேர்ந்தவர்களுக்குப் பெருந்தலைவர் காமராஜர் பெயரில் நிதியுதவித் திட்டம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் இருந்து, வீட்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தேசிய உதவித்தொகைத் தளத்தில் மத்திய அரசின் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டும் பணம் வரவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை ஒன்றுதான்: வங்கிக் கணக்கு ஆதாரோடு நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக இணைக்கப்பட்டிருக்காது. பாஸ்புக்கில் ஆதார் எண் இருப்பது வேறு, இது வேறு. வங்கியில் ஒரு காலை நேரம் செலவழித்தால் முடிகிற விஷயம். இதை முடித்துவிட்டு, இன்னும் எவ்வளவு துண்டு விழுகிறது என்று பார்த்து, அந்தத் துண்டுக்கு மட்டும் வேலை தேடுங்கள்.

கல்லூரிக்குள்ளேயே கிடைத்தால்

இணையத்தில் 'கேம்பஸ் ஜாப்' என்று தேடினால் வருவதில் பாதி அமெரிக்கக் கதை. அங்கே 1964-லிருந்து, வசதியில்லாத மாணவருக்குக் கல்லூரியிலேயே வேலை தந்து, கூலியில் ஒரு பங்கை மத்திய அரசு கொடுக்கும் திட்டம் நடக்கிறது. நூலகத்தில் ஒரு மேஜை, உணவுக்கூடத்தில் ஒரு ஷிஃப்ட் என்று அது அங்கே கல்லூரி வாழ்க்கையில் ஒரு பகுதி. நம் ஊரில் அப்படி ஒரு ஏற்பாடு கல்லூரிக்குக் கல்லூரி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-ல் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதலில் 'படித்துக்கொண்டே சம்பாதிப்பது' பற்றிப் பேசியிருக்கிறது: நூலகம், ஆய்வகம், கணினிப் பிரிவு, டேட்டா என்ட்ரி மாதிரியான வேலைகள், வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம், மாதத்தில் 20 நாள். எழுதி வைத்ததற்கும் உங்கள் கல்லூரி அலுவலகத்தில் நடப்பதற்கும் தூரம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் வேலை இல்லாமலும் இல்லை, அறிவிப்புப் பலகையில் வராது, அவ்வளவுதான். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரப்போகிறது என்றால் கல்லூரியே டேட்டா என்ட்ரிக்கு ஆள் தேடும். நூலகத்தில் ஆண்டுக் கணக்கெடுப்பு நடக்கும். ஜூனில் சேர்க்கை உதவி மேஜைக்கு, விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த சீனியர் மாணவர் வேண்டும். பேராசிரியர் யாருக்காவது ஆய்வுத் திட்டம் கிடைத்திருந்தால், கிராமம் கிராமமாகப் போய்க் கேள்விப் படிவம் நிரப்புவதற்கு முதுநிலை மாணவர்களுக்குக் களப்பணி கிடைக்கும். அதில் படிப்புக்கும் லாபம். இதையெல்லாம் நூலகரிடமும் துறைத் தலைவரிடமும் போய் நேராகக் கேட்க வேண்டும். கூச்சப்படுகிறவருக்குக் கிடைக்காது. "சார், வேலை எது இருந்தாலும் சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "எனக்குத் தமிழ் டைப்பிங் வரும், மதியம் இரண்டு மணிக்கு மேல் இருப்பேன்" என்று சொன்னால் ஆள் நினைவில் நிற்பார்.

மாதம் 2500 ரூபாய், தினம் இரண்டு மணி நேரம், 20 நாள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 62 ரூபாய் சொச்சம். பெரிய தொகை இல்லை. ஆனால் பஸ் செலவு இல்லை, வகுப்பு முடிந்த அடுத்த நிமிஷம் வேலையில் இருக்கலாம், தேர்வு வந்தால் கொடுத்தவர்களே "போய்ப் படி" என்று அனுப்பிவிடுவார்கள். வெளியில் எந்த முதலாளியும் உங்கள் தேர்வு அட்டவணையைத் தானே தெரிந்து வைத்திருக்கமாட்டார். குறை என்னவென்றால் பணம் தாமதமாக வரும். வவுச்சரில் கையெழுத்து, பில், ஒப்புதல் என்று இரண்டு மாதம் இழுத்தாலும் ஆச்சரியமில்லை. மெஸ் பில்லுக்கு இதை நம்பியிருக்க முடியாது.

மேலே படிக்கப் படிக்க இந்த வழி பலமாகிறது. கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக் சேர்ந்தவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் உதவித்தொகை மாதம் 12,400. அதற்கு வாரத்தில் சில மணி நேரம் ஆய்வகம், பாடம் என்று துறைக்கு உதவ வேண்டும். நம் ஊரில் 'கேம்பஸ் வேலை' என்ற பெயருக்கு உண்மையில் பொருந்துவது இதுதான். காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால், நெட் (NET) தகுதித் தேர்வு தேறாமல் பிஎச்.டி சேர்கிறவருக்கும் அங்கே மாதம் 8000 உதவித்தொகை இருக்கிறது. இளநிலை படிக்கும்போதே இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ட்யூஷன்: மெதுவாக வளரும், சட்டென்று விடாது

என்னிடம் கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்வது இதுதான். வீட்டுத் திண்ணையிலோ மாடியிலோ ஆறு பிள்ளைகள், தலைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 3000. வாரம் ஐந்து நாள், ஒன்றரை மணி நேரம் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 32 மணி நேரம். மணிக்கு 90 ரூபாயைத் தாண்டுகிறது. பயணம் இல்லை. பெண்களுக்கு இருட்டிய பிறகு பஸ் பிடிக்கும் கவலை இல்லை. பிள்ளைகளின் அம்மாக்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் என்பதால் சம்பளமும் பெரும்பாலும் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும். வராவிட்டால் கேட்பதுதான் சங்கடம்.

புதுச்சேரியில் இப்போது இதற்குக் கூடுதல் தேவை உண்டு. அங்கே அரசுப் பள்ளிகள் மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டன. பெற்றோரால் வீட்டில் சொல்லிக்கொடுக்க முடியாத புத்தகம், அதுவும் ஆங்கிலத்தில். கணக்கும் அறிவியலும் அந்தப் பாடத்திட்டத்தில் எடுக்கத் தெரிந்த ஒரு பி.எஸ்சி மாணவிக்கு லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ பிள்ளைகள் கிடைக்காமல் போகாது. பிரெஞ்சு படித்தவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம். இரண்டாம் மொழியாக அதை எடுத்துவிட்டுத் திண்டாடும் பிள்ளைகள் அந்த ஊரில் நிறைய. இந்தி சபாவின் பிராத்மிக், மத்யமா தேர்வுகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் கடலூரிலேயே நடக்கிற தொழில்தான்.

சிக்கல் எங்கே என்றால், பள்ளித் தேர்வும் கல்லூரித் தேர்வும் ஒரே நேரத்தில் வரும். மார்ச், ஏப்ரலில் பிள்ளைகளுக்கு நீங்கள் அதிகம் தேவைப்படுவீர்கள். உங்களுக்கும் அப்போதுதான் பிராக்டிகல். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை எடுக்காமல் ஆறு முதல் எட்டு வரை மட்டும் எடுத்தால் இந்த மோதல் பெருமளவு குறையும். சம்பளம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. மே மாதம் வருமானம் நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முதல் மூன்று மாதம் இரண்டு பிள்ளைகளோடுதான் ஓடும். உடனே காசு வேண்டும் என்கிறவருக்கு இது உதவாது.

கல்யாண வேலை

கடலூர் மாவட்டத்தில் பையன்கள் அதிகம் போவது கேட்டரிங் சப்ளைக்குத்தான். திருவந்திபுரம் தேவநாதசாமி கோவிலில் முகூர்த்த நாளில் வரிசையாக நடக்கும் கல்யாணங்களைப் பார்த்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கோவிலைச் சுற்றியுள்ள மண்டபங்களில் அன்று இலை போட ஆள் போதாது. ஆள் கூட்டிப்போகும் அண்ணன் ஒருவர் முந்தைய நாள் வாட்ஸப்பில் "நாளைக்கு எட்டுப் பேர்" என்று போடுவார், முதலில் கை தூக்கியவர்கள் போவார்கள். நேர்காணல் இல்லை, சான்றிதழ் இல்லை, வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேண்டும் போதும். முடித்த கையோடு பணம். இரண்டு வேளை நல்ல சாப்பாடு. கஷ்டத்தில் இருக்கும் ஒரு பையனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், அதனால் இதை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன்.

கணக்கு மட்டும் பார்ப்போம். ஒரு கல்யாணத்துக்கு, வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாலை நான்கு மணிக்குப் போனால் இரவுப் பந்தி முடிந்து, பாத்திரம் ஒதுங்கி, மண்டபத்து மூலையில் படுக்கும்போது பதினொன்றரை. காலை நான்கரைக்கு எழுப்புவார்கள். டிபன் பந்தி, அப்புறம் சாப்பாட்டுப் பந்தி, கடைசி இலை எடுத்து வெளியே வரும்போது மதியம் மூன்று. நின்று ஓடிய நேரம் மட்டும் 14 மணி. மணிக்கு 50 ரூபாய். மண்டபத்தில் இருந்த முழு நேரத்துக்கும் பங்கு போட்டால் 30. முகூர்த்தம் புதன்கிழமை என்றால் ஒரு நாள் வருகைப்பதிவும் போச்சு, மறுநாள் முதல் வகுப்பில் தூக்கமும் வரும்.

பஞ்சாங்கம்தான் இதில் முதலாளி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியிலும் பெரும்பாலும் இல்லை. அதாவது ஜூலை நடுவிலிருந்து ஒரு மாதம், செப்டம்பர் நடுவிலிருந்து ஒரு மாதம், டிசம்பர் நடுவிலிருந்து ஒரு மாதம் வருமானம் பூஜ்யம். மாத மெஸ் பில்லை இதை நம்பி ஒப்புக்கொண்டால் ஆடியில் மாட்டிக்கொள்வீர்கள். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் நவம்பர் தேர்வின் மேலேயே வந்து விழும். ஆனால் வைகாசி, ஆனி? கல்லூரி விடுமுறையில் தொடங்கி ஜூன், ஜூலையில் முடிகிற மாதங்கள். முகூர்த்தமும் நிறைய, வகுப்பும் இல்லை அல்லது அப்போதுதான் தொடங்கியிருக்கும், ஜூன் கட்டணத்துக்குப் பணமும் கையில் சேரும். மீன்பிடித் தடைக்காலத்தின் இரண்டாம் பாதியும் இதில்தான் வருகிறது. ஆகவே கல்யாண வேலையை வருஷ வேலையாக வைத்துக்கொள்ளாமல் கோடை வேலையாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். தை, மாசியில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தங்களுக்கு மட்டும் போய்வரலாம்.

மாணவிகளை வரவேற்பில் பன்னீர் தெளிக்க, சந்தனம் நீட்டக் கூப்பிடுகிறார்கள். இரவு வீடு திரும்ப வண்டி யார் ஏற்பாடு என்று முன்கூட்டியே தெளிவாகப் பேசாமல் போக வேண்டாம். "பார்த்துக்கலாம்மா" என்று சொன்னால், போகாதீர்கள்.

கடை, கஃபே, பிரவுசிங் சென்டர்

துணிக்கடை, சூப்பர் மார்க்கெட் வேலை மாதச் சம்பளம் தரும். அதுதான் அதன் பலம். மாலை நான்கிலிருந்து ஒன்பது வரை, மாதம் 26 நாள், 5000 ரூபாய் என்றால் மணிக்கு 38. புதுமைப்பெண்ணின் 1000 ரூபாய்க்குச் சமமாக 26 மணி நேரம் நிற்க வேண்டும். நிற்பது என்றால் நிஜமாகவே நிற்பது. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே திருத்தினார்கள். உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் லீவு கிடையாது, கடை பத்தரை வரை திறந்திருக்கும், அது முடிந்த கையோடு செமஸ்டர். நவம்பரைத் தாங்காத வேலைகளில் முதலிடம் இதற்குத்தான்.

புதுச்சேரியின் வெள்ளை நகரக் கஃபேக்களும் விருந்தினர் இல்லங்களும் சனி, ஞாயிறுக்கு மட்டும் ஆள் எடுப்பதுண்டு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வருவது அந்த இரண்டு நாள்தானே. வகுப்பு கெடாது, ஆங்கிலம் பேசிப் பழகலாம், டிப்ஸும் உண்டு. புதுச்சேரியில் தங்கிப் படிப்பவருக்கு இது நல்ல வேலை. ரெஸ்டோ பார் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஒழுக்க உபதேசம் இல்லை. நள்ளிரவு தாண்டி முடிகிற வேலை, அந்த நேரத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும், போதையில் தகராறு வந்தால் முன்னால் நிற்பது தட்டு ஏந்தியவர்தான்.

பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடையை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்குப் பிடித்த வேலை அது. கல்லூரிச் சேர்க்கை, சென்டாக், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஓடும். தமிழ், ஆங்கில டைப்பிங் கை வரும். லோயர், ஹையர் தேர்வு எழுதி வைத்தால் குரூப் 4 தட்டச்சர் பணிக்கு அதுவே தகுதி. உட்கார்ந்து செய்யும் வேலை. கூட்டம் இல்லாத நேரத்தில் உங்கள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டாவது ஷிஃப்டில் படிப்பவருக்குக் காலை நேரம் சும்மா இருக்குமே, அதற்கு இது சரியாகப் பொருந்தும்.

ஒரு சின்ன விஷயம். இலவச பஸ் பாஸ் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் தடத்துக்குத்தான். வேலை அந்தத் தடத்தில் இருந்தால் பயணச் செலவு இல்லை. தடம் மாறினால் தினம் டிக்கெட் எடுக்க வேண்டிவரலாம். கேட்ட சம்பளம் 300 ரூபாய் குறைவாக இருந்தாலும் தடத்திலுள்ள கடைதான் லாபம்.

டெலிவரி

ஸ்விக்கி, சொமேட்டோ சட்டை போட்ட மாணவர்களைப் புதுச்சேரியில் எந்த சிக்னலிலும் பார்க்கலாம். நேரம் நம் கையில், தேர்வு வந்தால் ஆப்பை மூடி வைத்துவிடலாம். நவம்பர்க் கேள்விக்கு இதுதான் நன்றாகப் பதில் சொல்கிறது என்று தோன்றும். ஆனால் 18 வயது, ஓட்டுநர் உரிமம், சொந்த பைக் மூன்றும் வேண்டும். பைக் கடனில் வாங்கியது என்றால் கதை தலைகீழ்: தவணைக்காக ஓட வேண்டிவரும், ஆப்பை மூடவே முடியாது.

இரவு ஏழிலிருந்து பத்தரை வரை 350 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 100. புதுச்சேரியில் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட மலிவுதான், அதற்காக வண்டி குடிக்காமல் இருக்காது. டயர், ஆயில், பிரேக் என்று 30 ஒதுக்கினால் மிச்சம் 220. மணிக்கு 63 ரூபாய். கல்லூரி வேலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, அதுவும் கையொடியாத வரையில். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள், அந்தப் பக்கத்து ஆர்டருக்குச் சுற்றித்தான் போக வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழையில்தான் ஆர்டரும் அதிகம், வழுக்குவதும் அதிகம். பைக் காப்பீடு சொந்த உபயோகத்துக்கு எடுத்ததாக இருந்தால், டெலிவரி ஓட்டும்போது விபத்து நடந்தால் பணம் தருவார்களா என்று காப்பீட்டு முகவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். கால் உடைந்து ஒரு செமஸ்டர் வீட்டில் கிடப்பதன் விலை எந்த ரேட் அட்டையிலும் இல்லை.

போனில் வரும் வேலைகள்

"வீட்டிலிருந்தே தினம் 2000" என்று டெலிகிராமில் வருவது வேலையே இல்லை. முதல் நாள் நாலைந்து வீடியோவுக்கு லைக் போட்டால் 150 ரூபாய் உண்மையாகவே வரும். மூன்றாம் நாள் 'பிரீமியம் டாஸ்க்'குக்கு 5000 கட்டச் சொல்வார்கள். அதோடு சரி. டேட்டா என்ட்ரிக்குப் பதிவுக் கட்டணம் கேட்பது, பாதியில் நின்றால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டுவது, கோட்டு சூட்டு போட்டு ஹோட்டல் ஹாலில் கூட்டம் நடத்தி இரண்டு பேரைச் சேர்த்துவிடச் சொல்வது எல்லாம் ஒரே ரகம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

இதைவிட ஆபத்தானது, "உன் பேங்க் அக்கவுண்டைக் கொடு, மாதம் கமிஷன் தர்றோம்" என்று கேட்பது. மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. கணக்கு முடக்கப்பட்டால் வர வேண்டிய உதவித்தொகையும் அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

யாருக்கு எது

வீட்டிலிருந்து வந்துபோகும் இளநிலை மாணவிக்கு நான் சொல்வது: உதவித்தொகையை முடித்துவிட்டு, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ட்யூஷன். ஹாஸ்டல் பையனுக்குக் கல்லூரிக்குள் வேலை கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். கூடவே வைகாசி, ஆனியில் கல்யாணங்கள். புதுச்சேரியில் தங்கியிருப்பவருக்கு வார இறுதிக் கஃபே. டெலிவரி, வண்டி ஏற்கெனவே வீட்டில் இருந்து, வேறு எதுவும் அமையாதபோது. துணிக்கடை முழு வருஷத்துக்கு வேண்டாம்.

எங்கே சேர்ந்தாலும் முதல் நாளே சம்பளத் தேதியையும் தேர்வு லீவையும் பேசிவிடுங்கள். பல்கலைக்கழக அட்டவணை வந்த அன்றே ஒரு பிரதியை முதலாளியிடம் கொடுத்துவிட்டால், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று அவர் சொல்ல இடமிருக்காது. வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற யுஜிசி கணக்கை நீங்களும் எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

தனியார் பொறியியல் கல்லூரிக் கட்டணத்தைப் பார்ட் டைம் வேலையில் கட்டிவிடலாம் என்பது மட்டும் நடக்காத காரியம். மேலே போட்ட எந்தக் கணக்கும் அங்கே எட்டாது. அதற்குக் கல்விக் கடன்தான் வழி: 4 லட்சம் வரை பிணை கேட்கமாட்டார்கள், படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு.

இன்னொரு வகை மாணவர்களும் இருக்கிறார்கள். அப்பா படுத்துவிட்டார், வீட்டுக்கு முழுச் சம்பளமே வேண்டும் என்கிறவர்கள். அவர்களை வாரம் 35 மணி நேரம் வேலை, மிச்சத்தில் கல்லூரி என்று இழுத்துக்கொண்டு போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருகைப்பதிவு கேட்காத படிப்புக்கு மாறிவிடுவது நேர்மையான வழி. நம் மாவட்டத்திலேயே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாகத் தொலைநிலைக் கல்வி நடத்துகிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவும் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022-ல் யுஜிசி தெளிவாகவே சொல்லிவிட்டது. அங்கீகாரம் என்பது பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மட்டும் இல்லை, படிப்புக்கும் சேரும் ஆண்டுக்கும் தனித்தனியாகத் தருவது. நீங்கள் சேரும் பருவத்துக்கான யுஜிசி பட்டியலில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.